காற்று என்றே எழுதிக்கொண்டார்கள்

புயல் ஓய்ந்த மூன்றாம் நாள்
வாட்சோவிலிருந்து போலீஸ் வந்தது.
இரவில் ஏதாவது கேட்டதா என்றார்கள், வீடு வீடாக.
காற்று என்றாள் டோர்பியோர்க்.
காற்றுதான், வேறென்ன என்றார்கள்
படகுக்கார அண்ணன் தம்பி இருவரும், ஒரே குரலில்.
காபி ஊற்றிக் கொடுத்துவிட்டு
நானும் சொன்னேன்.
காற்று என்றே எழுதிக்கொண்டார்கள்.

ஸ்கார்வ்னெஸில்
நவம்பர் கடைசியில் போகும் சூரியன்
ஜனவரி பாதிக்கு மேல்தான் திரும்பும்.
அதுவரை பகல் என்பது
மீன் ஆலையின் சங்குச் சத்தம் மட்டும்.

அவன் பெயர் ஜில்வினாஸ். லித்துவேனியாக்காரன்.
ஆலையில் தலை வெட்டும் வரிசையில் நான்காவது ஆள்.
சம்பளச் சீட்டு அடிப்பது நான்.
இரண்டு வருஷமாய் அவன் பெயரில்
ஓர் எழுத்தைத் தப்பாகவே அடித்தேன்.
வாங்கிப் பார்ப்பான், மடித்துச் சட்டைப்பையில் வைப்பான்.
திருத்தச் சொன்னதே இல்லை.

வண்டி பள்ளத்தில் இறங்கிவிட்டது.
ஒற்றைக் கையுறையோடு நடந்து வந்திருக்கிறான்
எங்கள் தெருவுக்கு.
ஏழு வீடு.

முதலில் ஐந்து தட்டு.
கொஞ்சம் பொறுத்து மூன்று.
பிறகு விரல் முட்டியில்லை, உள்ளங்கை.
பக்கத்தில் ஐலிஃபின் குறட்டை
சட்டென நின்றது.
அவன் விழித்திருப்பது எனக்குத் தெரியும்,
நான் விழித்திருப்பது அவனுக்கும்.
ரேடியோவைக் கூட்டலாமென்று இருட்டில் கை நீட்டினேன்.
குமிழின் மேல் ஏற்கெனவே
அவன் கை இருந்தது.
இரண்டு பேருமாகத் திருகினோம்.
அக்கார்டியனில் ஏதோ கல்யாணப் பாட்டு.

பனி காலடிகளை மூடிவிட்டது.
கதவுகளை மூடவில்லை.
நெஞ்சு உயரத்தில், ஒவ்வொரு கதவிலும்,
முட்டி கிழிந்த இடம் கறுத்து உறைந்திருந்தது.
காலை ஏழுக்கு,
நிலா வெளிச்சமும் இல்லாத நேரம்,
வெந்நீர் வாளியோடு வெளியே வந்தேன்.
தெரு முழுக்க ஆவி பறந்தது.
ஆறு வாசலிலும் ஆள்,
ஆறு பேர் கையிலும் துணி.
ஒருவருக்கொருவர் முகம் கொடுக்கவில்லை.
டோர்பியோர்க் தேய்க்கும்போது முனகிக்கொண்டிருந்தாள்,
அதே கல்யாணப் பாட்டு.

ஏழாவது, பெர்கனில் இருக்கும் பல் டாக்டரின்
கோடைக்கால வீடு.
திருடனை ஏய்க்க டைமரில் எரியும் விளக்கு,
மாலை நான்கு முதல் விடியும்வரை.
ஆளில்லாத அந்த வாசலில்தான்
அவன் அதிக நேரம் தட்டியிருக்கிறான்.
அங்கேதான் கிடந்தான்,
காது கதவில் ஒட்டியபடி.

பாவம், காலியான வீடாகப் பார்த்துத்
தட்டியிருக்கிறானே என்றார் போலீஸ்காரர்.
ஆமாம் என்றோம்.

அதன்பிறகு தெருவில் யாரும் கதவைத் தாழிடுவதில்லை.
யாரும் வருவதுமில்லை.
ஆணி அடிப்பதென்றால்கூட
முன்கூட்டியே போன் செய்து சொல்கிறார்கள்.
மேஜையில் கரண்டி தட்டிய பேரனை
டோர்பியோர்க் அறைந்தாளாம்;
ஏனென்று அவன் கேட்கவில்லையாம்.

இந்த டிசம்பரிலும் புயல்.
இரண்டு மணிக்கு ஐலிஃப் எழுந்தான்.
காலுறையோடு, பனியனோடு
வெளியே போய்க் கதவைச் சாத்தினான்.

ஐந்து தட்டு.

என் கணவன். பதினெட்டு வருஷம்.
பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் திறந்திருப்பேன்
என்றுதான் நினைக்கிறேன்.
கூப்பிடவில்லை.

மூன்று.

கட்டிலிலிருந்து கதவுக்கு எட்டு அடி.
நடந்த ஞாபகமில்லை.
தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது,
விரல் நுனியில் இரும்பின் குளிர் இருந்தது.

பிறகு உள்ளங்கை.

ரேடியோவைக் கூட்டினேன்.
அடுப்பை மூட்டி
பெரிய வாளியில்
தண்ணீர் வைத்தேன்.